வேதனை வணக்கமன்று

அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குவது ஃபித்ரா எனும் இயற்கை மரபுகளில் அடங்கும். இவற்றை நாற்பது நாள்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்பதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிகின்றோம். ஆயினும், பருவமடைந்த பிள்ளைகளுக்குச் சட்டத்தைச் சொல்லும் நாம், முறையைச் சொல்வதில்லை. பழைய பிளேடால் உலர்ந்த தோலைக் கீறிக்கொண்டு, எரிச்சலை வெளியே சொல்லக் கூசி, அவர்கள் சுன்னத்தையே சுமையாகக் கருதத் தொடங்குகின்றனர்.

அக்குள் முடியைப் பிடுங்குவதே சிறந்தது. எனினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், அவ்வலியைத் தாங்க இயலாமையால் மழித்துக்கொண்டார்கள் என இமாம் நவவி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அப்பேரறிஞருக்கு இருந்த சலுகை நம் பிள்ளைகளுக்கு இல்லையா? நோக்கம் தூய்மையே, வேதனையன்று.

ஆகவே தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் கற்பிக்கட்டும். நீண்ட முடியை முதலில் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நுரையிட்டு, தமக்கென உள்ள புதிய பிளேடால் முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். அன்று அவ்விடத்தில் அத்தர் தடவலாகாது. முடி நீக்கும் கிரீமை முந்தைய நாளே கையில் சிறிது தடவிச் சோதித்தல் நலம். சீழ் பிடித்தாலோ, நீரிழிவு உடையவருக்குப் புண் ஏற்பட்டாலோ மருத்துவரை நாட வேண்டும்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை. மார்க்கத்தைக் கற்பிப்பதற்கு அது தடையாகலாகாது.