தொடையிடுக்கில் ஒரு வாசல்

வயிற்றின் பக்கச்சுவர் ஒரே தசையன்று. மூன்று தசைத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இழைகள் வெவ்வேறு திசையில் ஓடும்படி அடுக்கப்பட்டுள்ளன. முன்புறத்தில் மார்புக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை இரு நெடுந்தசைகள் இறங்குகின்றன. இத்தனை அரணிருந்தும், தொடையிடுக்கின் மேலே ஏறக்குறைய 4 செ.மீ. நீளத்தில் ஒரு சாய்வழி உண்டு. ஆண் மகவு கருவறையிலிருக்கும்போதே அதன் விதைகள் விதைப்பைக்கு இறங்கும் பாதை அது. அவ்விடம் தளர்ந்தால் குடல் பிதுங்கும், அதுவே குடலிறக்கம்.

நின்றால், இருமினால் புடைக்கும்; படுத்தால் பெரும்பாலும் மறையும். மறைவதால் நம் பெரியவர்கள் வெட்கப்பட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் பல்லாண்டுகள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். ஏன் இந்த வெட்கம்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்தலூசியாவின் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இதைக் கூச்சமின்றி விளக்கினாரே!

பெண்களுக்கும் இது வரும். அவர்களுக்குத் தொடையின் உச்சியில் தோன்றும் இறக்கம் எளிதில் இறுகிக்கொள்ளக்கூடியது. சிறு கட்டிதானே என்று விட்டுவிடலாகாது.

பட்டை கட்டுவதால் துளை அடைபடாது. அதற்கு அறுவை சிகிச்சையே வழி. வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகாமல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் கண்டால், குடலுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் அது அழுகிவிடக்கூடும். நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.