போடாத கடிதம் திரும்பி வருது! கம்ப்யூட்டரில் வைரஸா?

காலையில் இ-மெயிலைத் திறந்தால் 40, 50 கடிதங்கள். "நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை" என்று அத்தனையும் திரும்பி வந்தவை! "நான் எங்கேய்யா அனுப்பினேன்? மிஷினுக்குள்ள வைரஸ் பூந்துடுச்சா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள்.

பெரும்பாலும் அப்படி இல்லை.

கவரில் "அனுப்புநர்" என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கவா போகிறார்? இ-மெயிலும் அப்படித்தான். 1982-ல் வகுத்த விதியில் அனுப்புகிறவர் யார் என்று சோதிக்க வழியே வைக்கவில்லை. எவனோ உங்கள் முகவரியைப் போட்டு ஆயிரக்கணக்கில் தள்ளுகிறான். ஆள் இல்லாத விலாசத்துக்குப் போனது உங்கள் தலையில் விழுகிறது.

2003 ஆகஸ்டில் உலகைக் கலக்கிய "சோபிக்-எப்" வைரஸ் செய்ததும் இதுதான். அது புகுந்த கம்ப்யூட்டரில் கிடந்த முகவரிகளில் ஒன்றை எடுத்து அனுப்புநராகப் போட்டது. நோய் ஒருத்தருக்கு, பழி இன்னொருத்தருக்கு!

2004 ஜனவரியில் வந்த "மைடூம்" இன்னும் கில்லாடி. திரும்பி வந்த கடிதம் மாதிரியே வேஷம் போட்டது. 'என்னடா இது' என்று கூட வந்த இணைப்பைத் திறந்தவர் மாட்டினார்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் அடையாளச் சோதனை கேட்கின்றன. கடைப் பெயரில் சொந்தமாக மெயில் வைத்திருப்பவர்கள், "டிமார்க்" பூட்டு போட்டாச்சா என்று அமைத்துக் கொடுத்தவரைக் கேட்கணும்.

மற்றவர்கள் முதலில் "அனுப்பியவை" பகுதியைப் பாருங்கள். அந்தக் கடிதங்கள் அங்கே கிடந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கிடக்கவில்லையா? திரும்பி வந்ததைத் திறக்காமலே அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பாஸ்வேர்டை மாற்றுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.