அளவுகோலும் ஆடுகளமும்

முன்னோர் உரம் நமக்கு வாய்க்கவில்லை என்று முதியோர் இரங்குவர். முன்னோர் சாதனைகளையெல்லாம் நாம் கடந்துவிட்டோம் என்று இளையோர் பெருமிதங் கொள்வர். ஆசிரியர் கூடுமிடங்களில் நான் பலகாலும் கேட்கும் வழக்கு இது. இரு திறத்தாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர் என்பது என் துணிபு.

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற திறத்தைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடினார். அங்கே வீரத்தின் காட்சி உண்டு, அளவு இல்லை. எனவே பழந்திறனை இன்றைய திறனோடு ஒப்புநோக்க விழைவோர், அளந்து எழுதிவைத்த காலத்துக்கே வருதல் வேண்டும்.

1958 ஆம் ஆண்டில் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே, யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 2004 இல் நம் நாட்டு மஞ்சுள குமார 2.27 மீற்றரைத் தாண்டினார். இடைப்பட்ட காலத்தில் ஈழத்தவர் எலும்பும் நரம்பும் மாறிவிட்டனவா? இல்லை. மாறியது விழும் இடம். முன்னாளில் பாய்வோர் மணலிலும் மரத்தூளிலும் வந்து விழுந்தனர். முதுகு பட விழுதல் ஆபத்து. நுரைமெத்தை வந்தபின்னரே, 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பொஸ்பரி முதுகைக் கோலுக்குக் காட்டிப் பாய்ந்து வென்ற முறை உலகெங்கும் பரவிற்று.

ஓட்டமும் இத்தகையதே. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற டங்கன் வைற், 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2021 இல் தோக்கியோவில் நோர்வே நாட்டு வார்ஹோம் 45.94 செக்கனில் ஓடினார். முன்னவர் ஓடியது கரித்தூள் பாதை. பின்னவர் ஓடியது செயற்கைத் தளம். காலணியும் பயிற்சியும் உணவும் வேறு.

திறன் தலைமுறைதோறும் தானே வளர்வதாயின், எல்லாத் துறைகளும் ஒருங்கே வளர்தல் வேண்டுமன்றோ? நீளம் பாய்தலைப் பாருங்கள். 1968 இல் பீமன் பாய்ந்தது 8.90 மீற்றர். 1991 இல் பவல் பாய்ந்தது 8.95 மீற்றர். அதனை விஞ்சியவர் இன்றுவரை இலர். உயரம் பாய்தலில் சொத்தமயோர் 1993 இல் நாட்டிய 2.45 மீற்றரும் அவ்வாறே நிற்கின்றது. கருவியும் முறையும் புதிதாக வந்த துறை உயர்ந்தது. வாராத துறை நின்றது.

இனி நம் மாத்தளைக்கு வருவோம். தலைமன்னாரில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை வரை நடந்தே வந்தனர் மலையக மக்களின் முன்னோர். வழியில் மடிந்தோர் பலர். 2023 இல் அவ்வழியையே நினைவுகூர்ந்து பலர் நடந்தனர். அந்நடையின் வலிமையை அளந்தார் எவருமிலர். அதற்குப் பதக்கமும் இல்லை. கூடை சுமந்து சரிவேறும் தாயின் மகள், பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் வெறுங்காலுடன் ஓடி முதலாவதாக வருவதை நான் கண்டிருக்கிறேன். அவளுக்குச் சமதரை இல்லை, காலணி இல்லை, பயிற்றுவிப்பார் இல்லை. பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையும் இல்லை. அதனைக் கணிதத்துக்கும் தமிழுக்கும் எடுத்துக்கொள்வோர் ஆசிரியராகிய நாமே.

ஆதலின் எத்தலைமுறை வலியது என்னும் வழக்கை விடுவோம். திறன் எல்லாத் தலைமுறையிலும் பிறக்கின்றது. அளவுகோலின் முன் வந்து நிற்கும் வாய்ப்பே சிலர்க்கு வாய்க்கின்றது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சமதரையும், வாரந்தோறும் எவரும் கவராத ஒரு விளையாட்டு வேளையும் வேண்டும். முன்னது அரசின் கடன். பின்னதற்கு எவர் ஆணையும் வேண்டா. வருகின்ற திங்கட்கிழமையே நாம் தொடங்கலாம்.