பழைய டீசல் காரில் மைலேஜ் குறையுதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் பாருங்க!

"முன்னாடி 18 கொடுத்துச்சு, இப்போ 14 தாண்ட மாட்டேங்குது." பத்து வயதைத் தாண்டிய டீசல் கார் வைத்திருக்கும் பலரின் புகார் இது. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்ஜெக்டர் போயிருக்கும் சார், மாத்திடலாம்." நான்கையும் புதிதாகப் போட்டால் பில் பல பத்தாயிரங்களில் வரும். அதற்குப் பிறகும் மைலேஜ் ஏறவில்லை என்றால், அடுத்து டர்போ, அதற்கடுத்து பம்ப் என்று பட்டியல் நீளும்.

இந்த வரிசையே தலைகீழ். மைலேஜ் குறைவது காய்ச்சல் மாதிரி. காரணம் பத்து இருக்கலாம். செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, விலை உயர்ந்த பாகத்துக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

எவ்வளவு காசு போகிறது?

2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோலைவிட வெகு மலிவு என்பதால் டீசல் கார்கள் விற்றுத் தள்ளின. மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா என வேறு வேறு கம்பெனி கார்களில் ஃபியட்டின் அதே 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. அந்தக் காலத்து கார்கள்தான் இன்று செகண்ட் ஹேண்டில், முதல் கார் வாங்கும் இளைஞர்களின் கைக்கு வருகின்றன. மைலேஜுக்காக வாங்கிய காரில் மைலேஜே இல்லை என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஒரு கணக்கு. மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார் 18-லிருந்து 14-க்கு இறங்கினால், கூடுதலாக சுமார் 16 லிட்டர் டீசல் செலவாகும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,460 ரூபாய், வருடத்துக்குச் சுமார் 17,500. சும்மா விடும் தொகை இல்லை. ஆனால், அதை மிச்சப்படுத்த 60,000 ரூபாய் பில் கட்டினால், போட்ட காசு திரும்பவே மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் பழுது சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் மட்டும்.

முதல் வேலை, அளப்பது

டேஷ்போர்டு காட்டும் சராசரி ஒரு மதிப்பீடுதான். டேங்க்கை நிரப்பி அளப்பதே நம்பகமான வழி. பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, 300 - 400 கி.மீ. ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்ப வேண்டும். 420 கி.மீ. ஓடி 28 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15. ஒரு தடவை போதாது. மூன்று தடவை பார்த்து சராசரி எடுங்கள்.

பங்க் மீதே சந்தேகமா? அங்கே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலன் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

டயரை மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்ததா என்றும் யோசியுங்கள். 165/80 ஆர்14 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.4 சதவீதம் கூடும். கார் ஓடிய தூரத்தை மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

ஓட்டும் பாதையும் மாறியிருக்கலாம். ஹைவேயில் ஓடிய கார், மெட்ரோ பணிகளால் சுருங்கிய ஓஎம்ஆரில் ஏசியோடு ஊர்ந்தால் மைலேஜ் விழத்தான் செய்யும். அதற்கு மெக்கானிக்கிடம் மருந்து கிடையாது.

கை வைத்தே கண்டுபிடிக்கலாம்

அளந்த பிறகும் குறைவு உறுதியானால், முதலில் டயர் காற்று. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவே சரி.

அடுத்து பிரேக். பழைய கார்களில் காலிப்பர் பின் துருப்பிடித்து, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் குற்றவாளி அங்கேதான். இது மைலேஜ் பிரச்சினை மட்டுமில்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

ஏறும்போது ஆர்பிஎம் எகிறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது.

பானெட்டுக்குள் என்ன பார்க்கணும்?

டீசல் இன்ஜினுக்குக் காற்றுதான் உயிர். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டாலும் இழுவை குறையும். டிரைவர் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பார். ஹோஸ் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு, அழுத்தும்போது 'உஸ்' சத்தம், பின்னால் கரும்புகை இருந்தால் அங்கே பாருங்கள். கரி படிந்து, மூடாமல் சிக்கிய ஈஜிஆர் வால்வும் கரும்புகை தரும்.

பலர் கவனிக்காதது தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. டீசல் கூடுதலாகச் செலவாகும். ஓபிடி வசதியுள்ள கார் என்றால் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனிலேயே கூலன்ட் வெப்பநிலையைப் பார்க்கலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகும் 70 டிகிரியைச் சுற்றியே நின்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம்.

இன்ஜெக்டர் பேச்சு எப்போது?

இவை எல்லாம் சரியாக இருந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, வெண்புகையோ கடகட சத்தமோ இருந்தால் இன்ஜெக்டருக்கு வரலாம். அப்போதும் நேராக மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் சிறு பாட்டிலை மாட்டி, எது அதிக டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் பழுதாக இருக்கலாம். நீலப்புகை வந்தால் அது இன்ஜின் ஆயில் எரிவது. விசாரணையின் திசையே வேறு.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பதும் சரியான பதில் இல்லை. வயது தானாக டீசலைக் குடிக்காது. தேய்ந்த, அடைத்த, ஒழுகும் ஏதோ ஒரு பாகம்தான் குடிக்கிறது.

பழியை முழுக்க மெக்கானிக் மீது போடுவதும் நியாயமில்லை. பாகம் மாற்றினால் கேள்வி கேட்காமல் பணம் தருகிறோம். ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, "ஹோஸ் கிளாம்ப் லூஸ், 500 ரூபாய் கொடுங்க" என்றால், "இதுக்கா 500?" என்று பேரம் பேசுகிறோம். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லாத இடத்தில் பாகம்தான் விற்கும். அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது, "எந்த டெஸ்ட்டை வெச்சு இதைச் சொல்றீங்க?" என்பதுதான். அந்த டெஸ்ட்டுக்கான காசையும் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். தேவையில்லாத இன்ஜெக்டரைவிட அது மலிவு.