எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

1588இல் இங்கிலாந்தைப் பிடிக்கப் புறப்பட்ட ஸ்பானியக் கப்பற்படை ஏன் தோற்றது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கடலில் இறங்கினாலே வாந்தி எடுக்கும் ஒரு பணக்காரப் பிரபுவிடம் மன்னர் இரண்டாம் பிலிப் படையை ஒப்படைத்தாராம்; அந்தக் கோழை எல்லாவற்றையும் கெடுத்தானாம். பீரங்கி வெடித்தபோது அறைக்குள் பதுங்கினார் என்றுகூடச் சிலர் கைச்சரக்கைச் சேர்ப்பதுண்டு. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சலிக்காமல் சொல்லப்படும் இந்தக் கதை வெறும் அவதூறு.

அந்தப் பிரபு அலோன்சோ பெரெஸ் டி குஸ்மான், ஏழாவது மெதினா சிடோனியா டியூக். 1550இல், குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகார் நகரில் பிறந்தவர். அன்று அமெரிக்காவுக்குப் போகும் ஸ்பானியக் கப்பல்கள் அந்த ஆற்று வாயைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஆள் சேர்ப்பது, உணவும் வெடிமருந்தும் ஏற்றுவது, குறித்த காலத்தில் கப்பல்களை அனுப்பிவைப்பது என்று பல ஆண்டுகள் அந்த வேலையிலேயே ஊறியவர். 1587இல் ஆங்கிலக் கடற்தளபதி டிரேக் காடிஸ் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களைக் கொளுத்தியபோது, ஆட்களைத் திரட்டிக்கொண்டு நகரைக் காக்க ஓடி வந்தவரும் இவர்தான். கடற்போர் செய்ததில்லை, உண்மை. ஆனால் கப்பற்படை எதனால் ஓடுகிறது, எதனால் நின்றுபோகிறது என்று ஸ்பெயினில் இவரளவுக்குத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

1588 பிப்ரவரி 9ஆம் தேதி, படைத்தலைவராக இருந்த சாந்தா குரூஸ் பிரபு லிஸ்பனில் இறந்தார். பதவி மெதினா சிடோனியாவுக்கு வந்தது. 16ஆம் தேதி அவர் எழுதிய பதில்தான் இன்றுவரை அவருக்கு எதிரான முதல் சாட்சி. எனக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது; ஒன்பது லட்சம் டுகாட் கடன் இருக்கிறது; கடலும் தெரியாது, போரும் தெரியாது; இந்தப் படையெடுப்பின் ஏற்பாடுகளைப் பற்றியும் ஒன்றும் அறியேன்; அறிந்த வேறொருவரை அனுப்புங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். பதவிக்கு அடித்துக்கொள்ளும் ஓர் அரசவையில், வீடு தேடி வந்த மிகப் பெரிய பதவியை வேண்டாம் என்று எழுதியவரைக் கையாலாகாதவர் என்கிறோம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஏற்றுக்கொண்டிருந்தால் வீரர் என்றிருப்போம் போலும்!

இரண்டு நாள் கழித்து அவர் இன்னொரு கடிதமும் எழுதினார். இந்தப் படையெடுப்பே தேறாது என்ற தன் அச்சத்தை அதில் வெளிப்படையாகச் சொன்னார். அரசரின் ஆலோசகர்களான இதியாக்கேஸும் மோராவும் அதைப் பிரித்துப் படித்தார்கள். இதை அரசரிடம் காட்ட எங்களுக்குத் துணிவில்லை என்று பதில் எழுதி, கடிதத்தை அமுக்கிவிட்டார்கள். கோழைகளைத் தேடுகிறவர்கள் அந்த இரண்டு மேசைகளுக்கு அடியிலும் கொஞ்சம் பார்க்கலாம்.

லிஸ்பனுக்குப் போனவருக்குக் கிடைத்தது படை அல்ல, குழப்பம். சில கப்பல்களில் பீரங்கிகள் அளவுக்கு மீறி இருந்தன, சிலவற்றில் போதவில்லை. குண்டும் மருந்தும் பற்றாக்குறை. பீரங்கி ஒன்றுக்கு 30 குண்டு என்றிருந்ததை 50 ஆக்கினார். மே மாத இறுதியில் சுமார் 130 கப்பல்களைக் கடலில் இறக்கினார். ஜூனில் புயல் அவற்றைச் சிதறடித்தது. பீப்பாய்களில் உணவு அழுகிக் கிடந்தது. பதமான பீப்பாய்ப் பலகைகளை டிரேக் முந்தைய ஆண்டே எரித்துவிட்டதால், பச்சை மரத்தில் செய்த பீப்பாய்கள் ஒழுகின. கொருன்யா துறைமுகத்திலிருந்து ஜூன் 24ஆம் தேதி அரசருக்கு எழுதினார்: எதிரியோடு சமாதானம் பேசுங்கள், இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப் போடுங்கள். போ என்று பதில் வந்தது.

எங்கே போவது? பிளாண்டர்ஸ் கரையில் ஸ்பானியத் தளபதி பார்மா டியூக்கின் தரைப்படையைச் சந்தித்து, அதைப் பாதுகாப்பாக இங்கிலாந்துக்குக் கடத்த வேண்டும். பார்மாவிடம் இருந்தவை தட்டைப் படகுகள். கரையோரத்தில் கடல் ஆழமில்லை. ஸ்பானியப் பெருங்கப்பல்கள் அங்கே நெருங்க முடியாது. ஆழமில்லாத நீரிலும் ஓடும் டச்சுக் கப்பல்கள் டன்கர்க் வாசலை அடைத்து நின்றன. பெருங்கப்பல்கள் உள்ளே வர முடியாது, படகுகள் வெளியே வர முடியாது. இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது என்று அரசரின் ஆணைகளில் ஒரு வரியும் இல்லை. இந்தத் திட்டத்தோடு எந்த மாலுமியை அனுப்பியிருந்தாலும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

இனி, பதுங்கினார் என்ற பழி. ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு, கலே அருகே ஆங்கிலேயர் எட்டுத் தீக்கப்பல்களை ஏவினார்கள். ஸ்பானியக் கப்பல்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறின. விடிந்தபோது எதிரிக்கு முன்னால் ஸ்பானியர் தரப்பில் ஒரு சில கப்பல்களே நின்றன; அவற்றில் ஒன்று டியூக்கின் சான் மார்த்தின். சிதறியவை மறுபடி அணிசேரும் வரை அந்தக் கைப்பிடியளவுக் கப்பல்கள் கிராவ்லைன்ஸ் கடலில் ஆங்கிலப் படையின் முழு வேகத்தையும் தாங்கின. சான் மார்த்தினின் உடலில் குண்டுகள் நூற்றுக்கணக்கில் பாய்ந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே விழுந்த துளைகளைச் சணலும் ஈயத் தகடும் வைத்து அடைக்க வேண்டியிருந்தது. பதுங்க நினைப்பவர் தலைமைக் கப்பலை இப்படியா நடுவில் நிறுத்துவார்?

அவர் பிழையே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. போரின் முதல் நாளிலேயே, பழுதான ரொசாரியோ என்ற கப்பலை விட்டுவிட்டுப் போனது பெரிய தவறு; மறுநாள் டிரேக் அதைச் சிரமமின்றிப் பிடித்துக்கொண்டார். அணி கலைத்ததற்காக ஒரு கப்பல்தலைவரைத் தூக்கில் போட்டது கொடுமை. 1596இல் ஆங்கிலேயர் காடிஸைச் சூறையாடியபோது உதவிக்குத் தாமதமாக வந்தார்; எழுத்தாளர் செர்வாந்தேஸ் அதைக் கிண்டலடித்துக் கவிதையே எழுதினார். ஆனால் 1588இன் தோல்வி வேறு கணக்கு. ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் சுற்றி வந்த வழியில் மூன்றில் ஒரு பங்குக் கப்பல்களாவது போயின. என்றாலும் மிச்சப் படையை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் நோயில் துவண்டிருந்த இந்த மனிதர்தான்.

இந்தக் கோழைக் கதையால் யாருக்கு லாபம்? ஸ்பெயினில் அது அரசரைக் காப்பாற்றியது. இங்கிலாந்தில் டிரேக்கின் புகழுக்குத் தோதான கோமாளியைக் கொடுத்தது. ஆங்கிலப் படைத்தலைவர் ஹோவார்டும் குலப்பெருமையால் பதவிக்கு வந்த பிரபுதான்; ஜெயித்ததால் யாரும் அதைக் கேட்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் மவுரா, மாட்டிங்லி, பியர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைப் புரட்டி டியூக்கின் பெயரிலிருந்த கறையைப் பெருமளவு துடைத்த பிறகும், மேடைப் பேச்சிலும் வினா-விடைப் புத்தகத்திலும் பழைய கேலியே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிலிப்புக்கு உண்மை தெரியாமல் இல்லை. ஆலோசகராகக் கப்பலில் வந்த தியேகோ புளோரஸ் டி வல்தேஸைச் சிறையில் போட்ட அதே அரசர், மெதினா சிடோனியாவின் மேல் கை வைக்கவில்லை, பதவியையும் பறிக்கவில்லை.