சிலோனைக் கவிழ்த்தது சாணி எருவா?

கணியூரில் டீக்கடைப் பக்கம் போனால் மாதத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்துக்கொள்வார். "ஏனுங் சார், இயற்கை விவசாயம் பண்ணித்தானே சிலோன்காரன் போண்டியானான்? நீங்க பேங்க்ல இருந்தவரு, தெரியாதுங்களா?" உங்களில் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். சிரித்துவிட்டு நகர்ந்தால் அவர் சொன்னதே உண்மையாகிவிடும். பேங்க்கில் இருந்தவன் என்பதால்தான் எனக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது.

நம் பெயரால் நடந்த தப்பை முதலில் ஒத்துக்கொள்வோம். 2021 மே மாதம் அதிபர் கோத்தபய ராஜபக்சே ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார். நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார். அதற்குள் நெல்லும் தேயிலையும் அடி வாங்கி, தன் அரிசியைத் தானே விளைவித்துச் சாப்பிட்ட நாடு வெளியில் வாங்க வேண்டியதாயிற்று. நான் ரசாயன உரத்தை விட்ட முதல் வருஷம் விளைச்சல் பாதிக்கு இறங்கியது. மண்ணில் மண்புழு தெரிய மூணு வருஷம் ஆச்சு. ஒரு தீவையே ஒரே போகத்தில் மாறச் சொன்னால் அதற்குப் பெயர் விவசாயம் இல்லைங்க, பரேடு.

பரேடு என்று சும்மா சொல்லவில்லை. கோத்தபய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர், பிறகு பாதுகாப்புச் செயலாளர். விவசாய அமைச்சகத்துக்கே ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரைச் செயலாளராக உட்கார வைத்தார். 2022இல் பசுமை விவசாயத்துக்கு ஒரு செயல்பாட்டு மையம் அமைத்தபோது அதன் தலைமை யாருக்கு? ராணுவத் தளபதிக்கு!

ஒரு கதை சொல்கிறேன். நான் மேனேஜராக இருந்த ஒரு ஊரில் ஒருத்தர் வண்டித்தடத்துக்காகப் பங்காளியோடு கேஸ் நடத்தினார். பயிர்க்கடன் வக்கீலுக்குப் போச்சு. கிணறு தூர்ந்தது, மோட்டார் காயில் கருகியது, மனைவியின் நகை ஏலத்துக்கு வந்தது. கேஸில் என்னவோ ஜெயித்துவிட்டார். தடம் அவருடையதுதான், அதில் வண்டி ஓட்ட வெள்ளாமைதான் இல்லை.

இலங்கையும் 2009 மே மாதம் ஜெயித்தது. ஜெயித்த பிறகும் படையைக் கலைக்கவில்லை. 2023 ஜனவரியில் ஆட்குறைப்பை அறிவித்தபோது ராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2,00,783. நாட்டின் மொத்த ஜனம் சுமார் 2.2 கோடி! 2030க்குள் அதை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்றார்கள். சண்டை முடிந்து ஏறக்குறைய 14 வருஷம் கழித்து, அதுவும் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த பிறகு.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு நல்ல செம்மண் பூமி. 1990இல் அங்கிருந்து ஓடியவர்களின் காடு தோட்டமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயமாகி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைமாறியது. வடக்கில் ராணுவமே பண்ணை வைத்துக் காய்கறி விற்றது. பூமிக்காரன் முகாமில் ரேஷன் அரிசிக்கு நின்றான். டீக்கடைக்காரர்கள் கேட்கவேண்டிய விவசாயக் கேள்வி இதுதான்.

ராணுவம் ஒன்றே கவிழ்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 கடைசியில் வாட் வரியை 15 சதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், கொரோனாவில் சுற்றுலா படுத்தது, வாங்கிய கடனோ தலைக்கு மேல். ஆனால் வரவு சுருங்குகிற வீட்டில் எந்தச் செலவைத் தொடாமல் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால் அந்த வீட்டின் போக்கு தெரிந்துவிடும். கடன் மனுவில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ராக்கெட்டும் அணுகுண்டும் குவித்து வைத்திருந்த சோவியத் யூனியன் 1972இல் அமெரிக்காவிடமே கோதுமை வாங்கியது. 1991இல் அந்த நாடே இல்லை.

நம் கதைக்கும் வருகிறேன். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், விவசாய அமைச்சகத்துக்குச் சுமார் 1.37 லட்சம் கோடி. எல்லையில் ஆள் வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை, நம்ம பையன்கள்தான் அங்கே நிற்கிறார்கள். ஆனால் கடைமடைக்குத் தண்ணி வரவில்லை, நெல்லுக்கு விலை வரவில்லை என்று கேட்கிறவனை தேசப்பற்று பேசி உட்கார வைக்கிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. எனக்கு உரத்தடையை விட அதுதான் பயமாக இருக்கிறது.