செக்ரோலும் கடவுச்சொல்லும்

தோட்டப் பாடசாலைக்குக் கணினி வருகிறதென்றால் அது ஒரு விழா. மாலை உண்டு, மேடை உண்டு, நாடா வெட்டுதல் உண்டு. கொடுத்தவர் பெயர் சுவரிலே பொறிக்கப்படுகிறது. விழா முடிந்த மறுநாள் எழ வேண்டிய கேள்வியைத்தான் நம்மில் எவரும் எழுப்புவதில்லை. அந்தக் கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவியவர் யார்? பயனர் கணக்குகளை வகுத்தவர் யார்? நிர்வாகியின் கடவுச்சொல் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது?

“இவை தொழில்நுட்பக்காரரின் விவகாரங்கள், நமக்கேன்?” என்று முற்போக்கு ஆசிரியர்களும் ஒதுங்கிவிடுகின்றனர். நிலம் யாருடையது, ஆலை யாருடையது, அச்சுக்கூடம் யாருடையது என்று கேட்கப் பழகியவர்கள் நாம். கணினியின் முன்னே மட்டும் நமது நா ஏன் அடங்கிவிடுகிறது? பணிசெயல் முறைமையை நிறுவுவதும் கணக்குகளை அமைப்பதும் அதிகாரத்தைப் பங்கிடும் செயல்கள். அவற்றைப் பிறர் கையில் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தட்டச்சு மட்டும் கற்பித்து, அதற்குக் கணினிக் கல்வி என்று பெயரிடுவது ஏமாற்று. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். கணினியின் வன்பொருள் வெறும் உடம்பு. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது, எந்தக் கோப்பை வன்தட்டின் எப்பகுதியில் வைப்பது, தட்டிய எழுத்தை எங்கே சேர்ப்பது என்பவற்றையெல்லாம் ஆளும் நிரல்தொகுதியே பணிசெயல் முறைமை. தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். அதை நிறுவும்போது மொழியைக் கேட்கும். வன்தட்டைப் பிரிக்கச் சொல்லும். இறுதியில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லும். முதலில் திறக்கப்படும் அந்தக் கணக்கே பெரும்பாலும் நிர்வாகியின் கணக்கு. புதிய நிரலைச் சேர்க்கவும் பழையதை நீக்கவும், பிறருக்குக் கணக்குக் கொடுக்கவும் பறிக்கவும், பிறர் கோப்பைத் திறந்து பார்க்கவும் நிர்வாகியால் முடியும். சாதாரணப் பயனருக்கு உரியது தன் கோப்புறை ஒன்றே.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒரே பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறைமை ஒன்று 1961இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கவும், ஒவ்வொருவருக்கும் இன்ன அளவு நேரம் என்று அளந்து கொடுக்கவும், அங்கே கணக்கும் கடவுச்சொல்லும் வந்தன. அடுத்த ஆண்டே, தனக்கு அளந்த நேரம் போதாத ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பிறந்த நாளிலிருந்தே கணக்கு என்பது பங்கீட்டுக் கருவி. பங்கீடு நடக்குமிடத்தில் பங்கிடுபவர் யார் என்று கேட்பது நம் கடமை.

மலையகத்தாருக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்திலே தொழிலாளர் கூடி நிற்க, ஒவ்வொருவர் வேலையையும் குறிக்கும் புத்தகம் செக்ரோல். தோட்டத் தமிழில் ‘பேர்’ என்றால் பெயர் மட்டுமன்று. ஒரு நாட்கூலியும் அதுவே. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. பெயர் தொழிலாளியுடையது, புத்தகமும் பேனாவும் கணக்கப்பிள்ளையுடையவை. தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே தலைமுறைகள் கழிந்தன. அதற்கும் முன்னே ‘துண்டு’ என்றொரு கொடுமை இருந்தது. கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டு அது. அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்தில் வேலையில்லை. 1921இல் சட்டம் அதை ஒழிக்கும் வரை, ஒரு மனிதன் எங்கே போகலாம் என்பதைப் பிறர் எழுதிய காகிதத் துண்டே தீர்மானித்தது.

பெயர் ஒருவருடையது, பதிவேடு இன்னொருவருடையது என்ற இந்த அமைப்பு தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்த மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்திற்கும் அதைத் தொடர்ந்த சட்டங்களுக்கும் பின், 1952 தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் பதிவேட்டிலிருந்து துடைக்கப்பட்டனர். எஞ்சியோர்க்கு வழி செய்த சட்டம் வர 2003 ஆயிற்று. குடியுரிமைப் பறிப்பும் கணினிக் கணக்கும் ஒரே அளவின என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டின் அதிகாரத்தை இவ்வளவு கசப்பாக அறிந்த மக்களின் பிள்ளைகளுக்கு, ஒரு புதிய பதிவேட்டை ஆளக் கற்றுக்கொடுக்காமல் விடுவது மன்னிக்கத்தக்கதா?

பெரகலையிலிருந்து வெல்லவாயா நோக்கி இறங்கும் வழியில், தியலும அருவிக்கு அண்மையில் இருக்கிறது கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் அதன் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாடு மறந்திருக்காது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட காணாமற் போனோர் தொகை, பின்னர் சில பத்துகளாகக் குறைந்தது. இன்ன லயத்தில் இன்னார் இருந்தனர் என்று உடனே சொல்லவல்ல ஏடு ஒன்று கைக்கெட்டவில்லை என்பதல்லவா இதன் பொருள்? அம்மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். அறிவு எங்கோ சேமிக்கப்பட்டிருப்பது வேறு; அதை எடுத்தாளும் உரிமை அங்கே வாழ்பவர் கையில் இருப்பது வேறு.

இப்படிப்பட்ட மலைச்சரிவின் பாடசாலை ஒன்றிலே கணினி அறை எப்படி இருக்கிறது? ஆறேழு பொறிகள். எல்லாவற்றிலும் ‘மாணவர்’ என்று ஒரே கணக்கு. நூறு பிள்ளைகளின் வேலை ஒரே கோப்புறையில் குவியல். நேற்று ஒரு சிறுமி எழுதிய கட்டுரையை இன்று ஒரு சிறுவன் அறியாமல் அழிக்கிறான். நிர்வாகியின் கடவுச்சொல்லோ பண்டாரவளையிலோ பதுளையிலோ உள்ள கடைக்காரரிடம். ஒரு தமிழ் எழுத்துரு சேர்க்க வேண்டுமானாலும் அவர் வர வேண்டும். வந்தால் பஸ் செலவும் கூலியும் கொடுக்க வேண்டும். இத்தகைய அறையைக் கண்டிராத தோட்டப்புற ஆசிரியர் அரிது. இது கணினி அறையா, இல்லை மின்சாரத்தில் ஓடும் பெரட்டுக் களமா?

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் மேலே ஒரு துரை இருக்கிறார். மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஓ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017க்குப் பின் வந்த செயலியும் கேட்கிறது. நகரத்து அலுவலகங்கள் கழித்துக் கொடுத்த பழைய பொறிகளை வைத்திருக்கும் பாடசாலைக்கு இதன் பொருள் என்ன? பொறி பழுதாகவில்லை; ஆனால் அதற்கு மரணச் சான்றிதழ் எழுதப்பட்டுவிட்டது. மேலும், அதன் வீட்டுப் பதிப்பை வழக்கமான வழியில் நிறுவுவோர் இணையத்தோடு இணைந்து, அந்நிறுவனத்திடமே ஒரு கணக்கைத் திறந்தாக வேண்டும். கொஸ்லந்தை மேசையில் இருக்கும் பொறியைத் திறக்க, கடல் கடந்த கம்பெனியின் ஏட்டில் பெயர் பதிய வேண்டும்! அந்தப் படிவம் முதற்பெயர் ஒன்றும் குடும்பப்பெயர் ஒன்றும் கேட்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து வாழும் நம் பிள்ளை, எதைக் குடும்பப்பெயர் என்று எழுதும்?

விலையையும் பார்ப்போம். அப்பதிப்பின் அறிவித்த விலை 139 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று கொண்டால் 41,700 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு உரிமம் ஏறத்தாழ 31 நாள் உழைப்பு. ஆகவேதான் ஊரெங்கும் களவுப் பிரதி. களவுப் பிரதியைப் புரட்சி என்று எண்ணும் இளைஞரும் உளர். அது புரட்சியன்று, முன்வாசலில் நுழைய முடியாதவன் பின்வாசலில் கையேந்துவது. அங்கேயும் பொறியின் போக்கை வகுப்பவர் துரையே.

மாற்று வழி இல்லையா? உண்டு. 1983இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் சேர்ந்து வளர்ந்த கட்டற்ற முறைமைகள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. எவரும் நிறுவலாம், பிரதி எடுக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம். லினக்ஸ் மின்ட் போன்றது 2 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய பொறியிலும் ஓடும். டெபியனை நிறுவுகையிலேயே தமிழைத் தெரிவுசெய்யலாம். கணக்கு அந்தப் பொறியிலேயே திறக்கப்படுகிறது. எந்தக் கம்பெனியின் ஏடும் வேண்டா. உள்நுழையும் குறும்பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதும் வழக்கம் அங்கும் உண்டு. ஆயினும் முழுப்பெயரை, பிள்ளை எழுதும்படியே, தமிழில் எழுதலாம். பிறப்புப் பதிவில் பிறர் கைபட்டுச் சிதைந்த பெயர்களைச் சுமந்து திரியும் மக்களுக்கு இது சிறிய செய்தியன்று.

“அலுவலகங்களில் உள்ளது விண்டோஸ், அதைக் கற்காத பிள்ளைக்கு வேலை எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்பர் சிலர். நல்ல கேள்விதான். கோப்பு, கோப்புறை, கணக்கு, அனுமதி என்னும் கருத்துகளை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது சில நாள் வேலை. பொத்தான் இருக்கும் இடத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளையோ, அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியதும் திகைத்து நிற்கும்.

“பிள்ளைகள் கெடுத்துவிடுவர்” என்பது மற்றொரு முறையீடு. தொழிலாளியிடம் பேனாவைக் கொடுத்தால் கிறுக்கிவிடுவான் என்று சொன்னவர்களின் குரல் இதில் கேட்கவில்லையா? ஒருவர் தவறு மற்றவரைத் தாக்காதிருக்கவே தனிக்கணக்கு வகுக்கப்பட்டது. எல்லாரையும் ஒரே கணக்கில் அடைப்பதுதான் கேட்டுக்கு வழி. அதையும் மீறிக் கெட்டால் என்ன? கோப்புகளின் பிரதி வேறிடத்தில் இருக்குமானால், ஓரிரு மணி நேரத்தில் மீண்டும் நிறுவிவிடலாம்.

“ஆசிரியர்களால் ஆகுமா?” என்று ஐயுறுவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே 2001இல் பாடசாலைக் கணினித் திட்டம் தொடங்கியபோது, பாடமும் பயிற்சியும் ஒரே கம்பெனியின் பொருளைச் சுற்றி அமைந்தன. அதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் ஆசிரியர் சங்கத்தார் முன்னின்றனர். சில ஆண்டுகளில் பாடசாலைகள் கட்டற்ற முறைமைக்கு மாறின. 2019இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கான புதிய பதிப்பு வெளியிடப்பட்டபோது, மிச்சமாகும் உரிமச் செலவு 3,000 கோடி இந்திய ரூபா என்று அரசுத் துறையே கணக்குச் சொன்னது. அங்குள்ள ஆசிரியர் நம்மைவிட மேதைகளா? அல்லர். அவர்கள் சங்கமாகக் கேட்டார்கள். நாம் தனித்தனியாக முணுமுணுக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கட்டற்ற மென்பொருள் மந்திரக்கோல் அன்று. லினக்ஸை நிறுவிய நல்லெண்ண இளைஞர் கடவுச்சொல்லைத் தம்மோடு கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டால், அதுவும் ஒரு செக்ரோல்தான். கணக்கப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி. பேனா யார் கையில் என்பதே.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, செய்ய வேண்டியவை தெளிவு. கணினியை நன்கொடையாக ஏற்கும் நாளிலேயே நிர்வாகியின் கடவுச்சொல்லையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தர மறுக்கும் கொடை, கொடையன்று. அக்கடவுச்சொல்லை இரண்டு ஆசிரியர்கள் அறிந்திருக்கட்டும். உறையிலிட்டு அதிபரின் அலுமாரியிலும் ஒன்று இருக்கட்டும். இடமாற்றம் வந்தால் திறவுகோல் ஆசிரியரோடு மலையிறங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரிலேயே ஒரு கணக்கு. பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். செத்ததென்று ஒதுக்கிய பழைய பொறி ஒன்றை மேசைமேல் ஏற்றி, 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே நிறுவச் சொல்லுங்கள். பழைய கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுக்கவும், வன்தட்டைப் பிரிக்கவும், நிர்வாகிக்கும் பயனருக்கும் உள்ள வேற்றுமையை விவாதிக்கவும் அவர்களே பழகட்டும். “இவருக்கு இந்த அனுமதி ஏன்? எனக்கு ஏன் இல்லை?” என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அன்று நீங்கள் நடத்தியது கணினிப் பாடம் மட்டுமன்று. பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையில் வரட்டும், கற்பிக்கட்டும், போகும்போது வெறுங்கையோடு போகட்டும்.

கோ. நடேசையர் துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. வாயிற்கதவின் பூட்டு துரையின் கையில் இருந்தது. அந்தக் கதவு போராட்டத்தால் திறந்தது. இன்றைய கதவு ஒரு திரையில் தெரியும் சிறிய கட்டம். அது கேட்பது ஒரு சொல். அந்தச் சொல்லைத் தெரிவுசெய்பவர் கொஸ்லந்தைப் பிள்ளையாக இருக்க வேண்டும்.